‘சும்மாதான் இருக்கேன்’: சமூகவியல் படிப்பும் பிழைப்பும்

எம்.ஏ. முதலாண்டில் தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்துக்குக் கணக்கெடுப்புக்குப் போனோம். கையில் பன்னிரண்டு பக்க வினாப்பட்டியல். ஒரு வீட்டுத் திண்ணையில் நடுத்தர வயதுப் பெண் ஒருவர் மடியில் சொளவை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். ஆறாவது கேள்வி, ‘என்ன வேலை செய்கிறீர்கள்?’ என்பது. “வேலை ஒண்ணும் இல்லய்யா, சும்மாதான் இருக்கேன்” என்றார். சொல்லும்போதும் விரல்கள் நிற்கவில்லை. இலையைச் சுருட்டி, நூலைச் சுற்றி, முனையை மடித்து, அடுத்த இலைக்குப் போய்விட்டன. நான் ‘வேலை இல்லை’ என்று எழுதிவிட்டு ஏழாவது கேள்விக்குப் போனேன்.

சாயங்காலம் படிவங்களைப் புரட்டிய பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அந்தம்மா மடியில என்ன இருந்துச்சு?”

மறுநாள் திரும்பப் போனேன். இந்த முறை ‘என்ன வேலை’ என்று கேட்கவில்லை. விடிந்ததிலிருந்து படுக்கப்போகும்வரை என்னென்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினார். இரண்டு ஆடு, பேரப்பிள்ளை, தண்ணீர்க் குடம், நாளொன்றுக்கு எழுநூறு பீடி, பீடிக்கடையில் கழிவு என்று தள்ளியது போக மிஞ்சும் கூலி. இவ்வளவும் அவர் கணக்கில் ‘சும்மா’. முந்தின நாள் அது என் கணக்கிலும் ‘சும்மா’வாக ஏறியிருந்தது. நாட்டின் தொழிலாளர் கணக்கில் பெண்களின் எண்ணிக்கை ஏன் எப்போதும் குறைச்சலாகவே வருகிறது என்பதைப் பிற்பாடு எத்தனையோ புத்தகங்களில் படித்தேன். அந்தத் திண்ணையில் புரிந்த அளவுக்கு எதிலும் புரியவில்லை.

சமூகவியல் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இந்தக் கதையைத்தான் சொல்வேன். கேட்பவர்கள் பெரும்பாலும் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவார்கள்: “அது படிச்சா என்ன வேலை கிடைக்கும்?” சிலர் அதற்கும் முன்னால், “சமூக சேவைதானே?” என்பார்கள். சமூகவியல், சமூகப்பணி, சமூக சேவை, பள்ளிக்கூடத்துச் சமூக அறிவியல் என்று எல்லாம் ஒரே பானையில் கிடக்கின்றன. பையன்களையும் பெண்களையும் குறை சொல்வதற்கில்லை. மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ முடித்து வருகிறவர்களில் பெரும்பாலோர் சமூகவியல் என்றொரு பாடத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் பதினொன்றிலும் பன்னிரண்டிலும் அது உண்டு. நம் ஊர்ப் பக்கம் அதை எடுப்பவர்கள் குறைவு. கலந்தாய்வில் மற்ற இடங்கள் நிரம்பிய பிறகு, ‘பி.ஏ. சோசியாலஜி இருக்கு, எடுத்துக்கிறியா?’ என்பதுதான் பலருக்கு முதல் அறிமுகம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உலகச் சமூகவியல் படித்த மண்களில் தமிழ்நாட்டுக்கு இணையானவை சிலவே. சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தியப் பொருளியலின் முதல் பேராசிரியராக 1915-இல் வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். ஆங்கிலேயர். வகுப்பறையில் உட்கார்ந்துகொண்டு இந்தியப் பொருளாதாரத்தைப் பேச முடியாது என்பது வந்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. மாணவர்கள் கையில் வினாப்பட்டியலைக் கொடுத்து, விடுமுறைக்குப் போகும்போது சொந்த ஊரைக் கணக்கெடுத்துவரச் சொன்னார். அப்படி வந்தவைதான் தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, வடார்க்காட்டுத் தூசி, தஞ்சைப் பாலக்குறிச்சி, நெல்லைச் சீமையின் கங்கைகொண்டான், ராமநாதபுரத்து வடமலைபுரம் போன்ற ஊர்களின் விவரங்கள். 1918-இல் அவை நூலாயின. 1936-37-இல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு மறுபடி ஆள் அனுப்பினார்கள். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தார் போனார்கள். இருவேல்பட்டுக்கு 2008-இலும் ஒரு குழு போய்வந்தது. ஒரே ஊரை ஒரு நூற்றாண்டுக்குக் கிட்டத்தட்டத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்த வரலாறு மற்ற இடங்களில் அபூர்வம்.

வெளியிலிருந்து வந்தவர்களும் குறைவில்லை. பிரெஞ்சுக்காரர் லூயி துய்மோன் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர்களிடையே தங்கி எழுதியது 1957-இல் வெளிவந்தது. ஆங்கிலேயரான கேத்லீன் கோ 1951 முதல் தஞ்சைக் கிராமங்களில் இருந்தார். 1960-களின் தொடக்கத்தில் வங்காளத்தில் பிறந்த ஆந்த்ரே பெத்தேய் தஞ்சை மாவட்டத்து ஊரொன்றில் தங்கினார்; அதற்கு ‘ஸ்ரீபுரம்’ என்று புனைபெயர் இட்டு, சாதி, வர்க்கம், அதிகாரம் மூன்றும் அங்கே எப்படிப் பிரிந்து நகர்கின்றன என்பதை 1965-இல் நூலாக்கினார். முன்பு ஒரே கையில் இருந்த நிலமும் அந்தஸ்தும் ஊராட்சிப் பதவியும் வெவ்வேறு கைகளுக்குப் போகத் தொடங்கியதை அந்த நூல் பிடித்துக் காட்டியது. அது வெளிவந்து மூன்றாண்டில், அதே தஞ்சை மாவட்டத்தில், கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள்.

பெத்தேயின் நூலில் எனக்குப் பிடித்த இடம் கோட்பாடு அல்ல, ஓர் ஒப்புதல். அவர் தங்கியது அக்ரகாரத்தில். அங்கே தங்கியவர் அந்தத் தெருவின் ஆளாகவே பார்க்கப்பட்டார். சேரிக்குத் தாராளமாகப் போய்வர முடியவில்லை. அதை அவர் மறைக்கவில்லை. மைசூர்ப் பக்கத்து ராம்புராவில் 1948-இல் தங்கிய எம்.என். சீனிவாஸ் ஊர்த் தலைவரின் வீட்டு வளாகத்தில்தான் இருந்தார். அந்த ஊரை அவர் பார்த்த பார்வையில் அந்த வீட்டுத் திண்ணையின் உயரமும் கலந்திருக்கிறது. எந்தத் தெருவில் பாயை விரித்தாய் என்பது ஆய்வின் முதல் வரியையே தீர்மானித்துவிடும். இன்று நம் அரசுக் கல்லூரிகளில் சமூகவியல் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் முதல் தலைமுறைப் பிள்ளைகளில் பலர், பெத்தேயால் போக முடியாத தெருவிலிருந்து வருகிறவர்கள். அவர்களுக்கு அனுமதிச் சீட்டு தேவையில்லை. ஆனால் தன் தெருவைப் பற்றி எழுது என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

என்ன சொல்கிறோம்? அகஸ்ட் காம்ட்டின் மூன்று நிலை விதியை ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுது, தர்கைமின் தற்கொலை வகைகளைப் பத்து மதிப்பெண்ணுக்கு எழுது என்கிறோம். காம்ட் ‘சமூகவியல்’ என்ற சொல்லை உருவாக்கியது 1830-களின் கடைசியில். தர்கைமின் தற்கொலை பற்றிய நூல் 1897-இல் வந்தது. படிக்க வேண்டியவைதான், மறுப்பில்லை. தற்கொலை போன்ற தனிமனிதக் காரியத்திலும் சமூகத்தின் கை இருக்கிறது என்பதைப் புள்ளிவிவரங்களை அடுக்கிக் காட்டிய துணிச்சல் அவருடையது. ஆனால் நம் வகுப்பில் அந்தத் துணிச்சல் கைடு புத்தகத்தில் நான்கு தலைப்புகளாகச் சுருங்கிவிட்டது. இந்தியப் பகுதிக்கு வந்தால் கதை பம்பாயில் தொடங்கும்: 1919-இல் பேட்ரிக் கெடிஸ் தலைமையில் துறை, பிறகு குர்யே, அவருடைய மாணவர் சீனிவாஸ், ‘சமஸ்கிருதமயமாக்கம்’. 1916-இல் கொலம்பியாவில் இருபத்தைந்து வயது அம்பேத்கர் வாசித்த சாதி பற்றிய கட்டுரை பல ஆண்டுகள் பாடத்திட்டத்தின் ஓரத்திலேயே நின்றது. ஸ்லேட்டரின் ஊர்கள் ‘பொருளியல்’ என்று வேறு துறைக்குப் போய்விட்டன.

இந்தத் துறைக் கணக்கு வழக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தமிழில் மக்கள் விரும்பிப் படித்த சமூகவியல் எழுத்தெல்லாம் யார் எழுதியது? தொ. பரமசிவன் தமிழ்ப் பேராசிரியர். நா. வானமாமலையும் அவருடைய ‘ஆராய்ச்சி’ இதழும் நெல்லையில் நாட்டார் வழக்காற்றின் பெயரால் செய்தது பெரும்பகுதி சமூகவியல்தான். ஆ. சிவசுப்பிரமணியனும் அதே வழி. பக்தவத்சல பாரதி மானிடவியல்காரர். ஈழத்தில் கைலாசபதியும் சிவத்தம்பியும் இலக்கியத்தின் வழியாகச் சமூகத்தைப் படித்தவர்கள். எம்.எஸ்.எஸ். பாண்டியன் பொருளியலில் தொடங்கி வரலாற்றுக்குப் போனவர். பெரிய அடுக்குதான், இதில் சமூகவியல் துறையிலிருந்து வந்தவர் என்று யாரைச் சொல்வது? என் அனுபவத்தில் துறைக்காரர்கள் தங்கள் ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதி, பைண்டிங் செய்து, நூலக அலமாரியில் வைத்துவிட்டு ஓய்வு பெறுகிறார்கள். கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரியும். விதிவிலக்குகள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

மொழி இதில் பாதிக் காரணம். தமிழ்வழியில் படிக்கும் மாணவர் மேலே போகப் போக வாசல் குறுகுகிறது. கல்லூரி ஆசிரியர் ஆவதற்கான தேசிய தகுதித் தேர்வான நெட், சமூகவியலுக்கு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வில் சமூகவியல் விருப்பப்பாடத்தைத் தமிழில் எழுதலாம். வினாத்தாள் மட்டும் தமிழில் வராது. 1970-களில் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் கல்லூரிப் பாடங்களைத் தமிழில் வரிசையாகக் கொண்டுவந்த காலம் ஒன்று இருந்தது. அந்த வேகம் தொடரவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமூகவியலைத் தமிழிலேயே படித்து வருகிற மரபு இருக்கிறது. அங்கே பழகிய கலைச்சொற்களை நாம் இரவல் வாங்கியிருக்கலாம், கேட்கவே இல்லை.

யு.பி.எஸ்.சி. என்றதும் இன்னொன்று. இரண்டு தாள், தாளுக்கு 250 மதிப்பெண், பாடத்திட்டம் சின்னது, அன்றாடச் செய்தியை எடுத்துக்காட்டாகப் போட்டு எழுதலாம். இதனால் சென்னை அண்ணா நகர்ப் பயிற்சி மையங்களில் சமூகவியலை மும்முரமாகப் படித்துக்கொண்டிருப்பவர்களில் பொறியியல் பட்டதாரிகளுக்குப் பஞ்சமில்லை. வெபரையும் மார்க்ஸையும் நம் பி.ஏ. மாணவர்களைவிட ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியர் கரைத்துக் குடித்திருப்பதை நேரில் பார்த்து வெட்கப்பட்டிருக்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம். சமூகவியல் படித்தவருக்கென்று பெயர்ப்பலகை மாட்டிய வேலை ஆசிரியர் வேலை ஒன்றுதான். மாநிலப் பாடத்திட்டப் பள்ளியில் பாடமே இல்லாதபோது பள்ளி ஆசிரியர் பணியிடம் எங்கிருந்து வரும்? மிச்சம் கல்லூரி. உதவிப் பேராசிரியருக்கு ஏழாவது ஊதியக் குழுவின்படி அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். நிரந்தரப் பணியிடம் விளம்பரமாகும் ஆண்டுகளோ எண்ணிச் சொல்லக்கூடியவை. நடுவில் கௌரவ விரிவுரையாளராகத் தலைமுடி நரைத்தவர்கள் அநேகம். இளநிலை ஆய்வு உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயோடு ஆய்வு செய்யலாம். அது நல்ல நிழல்தான், ஆனால் சில ஆண்டுகளுக்கு மட்டும்.

பெயர்ப்பலகை இல்லாத வேலைகள் வேறு. அவற்றில் பெரும்பகுதியைச் சட்டங்கள் உண்டாக்கின என்பது பலருக்குத் தெரியாது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் நல அலுவலர் வேண்டும் என்றது. அந்த ஒரு விதி சமூகப்பணிப் படிப்பை வளர்த்துவிட்டது. 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கிய சென்னைச் சமூகப்பணிக் கல்லூரி முதல் இன்றைய எம்.எஸ்.டபிள்யூ. வகுப்புகள் வரை வாரத்தில் இரண்டு நாள் களத்துக்கு அனுப்புவது வழக்கம். அதனாலேயே வேலை தருகிறவர்கள் எம்.ஏ. சமூகவியலைத் தள்ளிவைத்து எம்.எஸ்.டபிள்யூ.வை முதலில் எடுக்கிறார்கள். அறிவில் ஏற்றத்தாழ்வு என்று சொல்ல மாட்டேன். ஒருவர் காவல் நிலையத்துக்கும் அரசு மருத்துவமனைக்கும் போய்ப் பழகியிருக்கிறார், மற்றவர் போனதில்லை, வித்தியாசம் அவ்வளவுதான்.

குழந்தைகள் பாதுகாப்புத் துறையைப் பாருங்கள். சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு மாவட்டத்திலும் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. செய்தித்தாளின் உள்பக்கத்தில் வரும் அந்த விளம்பரங்களில் ‘சமூகப்பணி / சமூகவியல் / குழந்தை வளர்ச்சி / உளவியல்’ என்று சாய்கோடு போட்டுத் தகுதி குறிப்பிட்டிருப்பார்கள். அண்மை ஆண்டுகளில் பாதுகாப்பு அலுவலருக்குத் தொகுப்பூதியம் 27,804 ரூபாய். சமூகப் பணியாளருக்கும் ஆற்றுப்படுத்துநருக்கும் 18,536. குழந்தைத் திருமணத்தை நிறுத்தப் போய் ஊரே திரண்டு மறித்து நிற்க, ஒரு குழந்தைகள் உதவி மைய ஊழியரும் ஒரு காவலரும் மட்டும் துணையாக இருக்கும் வேலைக்கு இந்தச் சம்பளம். அதுவும் ஒப்பந்த அடிப்படையில். விண்ணப்பத்தின் கடைசி வரியில் ‘பணி நிரந்தரம் கோர இயலாது’ என்று இருக்கும்; சேருகிறவர்கள் படிக்காமல் கையெழுத்துப் போடும் வரி அது.

2013-இல் வந்த நிலம் கையகப்படுத்தல் சட்டம் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய நம்பிக்கையைத் தந்தது. நிலம் எடுப்பதற்கு முன்பு சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயம். அதைப் பரிசீலிக்கும் நிபுணர் குழுவில் அரசு சாராத சமூக அறிவியலாளர் இருவர் இருக்க வேண்டும். ஒரு மத்தியச் சட்டம் ‘சமூக அறிவியலாளர்’ என்று பெயர் சொல்லி நாற்காலி போட்டது. தமிழ்நாடு என்ன செய்தது? நெடுஞ்சாலைச் சட்டம், தொழில் நோக்கங்களுக்கான நிலமெடுப்புச் சட்டம், ஆதிதிராவிடர் நலத்துக்கான நிலமெடுப்புச் சட்டம் என்று தன்னுடைய மூன்று சட்டங்களை அதிலிருந்து விலக்கிக்கொண்டது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த விலக்கு செல்லாது என்றது. அதே ஆண்டில் சட்டமன்றம் அவற்றுக்கு மறுபடி உயிர் கொடுத்தது. 2021-இல் உச்ச நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. சாலைக்கும் தொழிற்பேட்டைக்கும் நிலம் எடுக்கும் ஊர்களில் நம் பட்டதாரிகள் போய் உட்கார்ந்திருக்க வேண்டிய திண்ணை அப்படியே பறிபோயிற்று. நிலம் போகிறவர்களின் இழப்பு இதைவிடப் பெரிது. அது தனிக் கட்டுரை.

தொண்டு நிறுவனங்கள் ஒரு காலத்தில் பெரிய புகலிடம். எய்ட்ஸ் தடுப்புத் திட்டங்கள் ஓடிய 1990-களிலும் 2004 சுனாமிக்குப் பிந்தைய நாகப்பட்டினத்திலும் கிராமத்து மொழி தெரிந்த பட்டதாரிக்குக் கிராக்கி இருந்தது. 2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். வாங்கிய பணத்தை இன்னொரு சின்ன அமைப்புக்குக் கைமாற்றக் கூடாது, நிர்வாகச் செலவு 50 சதவீதத்திலிருந்து 20-க்கு வர வேண்டும் என்றார்கள். பெரிய அமைப்புகள் தப்பின. பெரிய அமைப்பிடம் பணம் வாங்கி மூன்று பேருக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்த மாவட்டத்து அமைப்புகள் பூட்டுப் போட்டன. அந்த இடத்தை ஓரளவு நிரப்புவது கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) பணம், நிகர லாபத்தில் 2 சதவீதம் என்று கம்பெனிச் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்தப் பணத்துக்குப் புகைப்படம் பிடிக்கிற வேலை பிடிக்கும். பள்ளிக்குக் கழிப்பறை கட்டும். கட்டிய கழிப்பறையைப் பெண் பிள்ளைகள் ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்க ஆள் வைப்பது அபூர்வம்.

நான் உண்மையில் நம்பிக்கை வைப்பது கணக்கெடுப்பு வேலைகளின் மேல். தேசியக் குடும்ப நல ஆய்வு, தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் ஆய்வுகள், லோக்நீதி நடத்தும் தேர்தல் ஆய்வுகள், திட்டங்களின் பலனை அளக்கும் ஜே-பால் போன்ற அமைப்புகள் என்று ஏதாவதொன்று எப்போதும் நடந்துகொண்டேயிருக்கிறது. டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு வெயிலில் வீடு வீடாகப் போகும் கள ஆய்வாளர் வேலை கீழ்ப்படி, தினக்கூலி போலத்தான். அந்தப் படியில் ஏறியவர் மேலே போக வேண்டுமென்றால் புள்ளியியல் மென்பொருள் ஒன்றாவது கையில் இருக்க வேண்டும். அங்கேதான் பொருளியல்காரர் முந்திக்கொள்கிறார். நம் பாடத்திட்டத்தில் புள்ளியியல் தாளைத் ‘தேர்ச்சிக்கு மட்டும்’ என்று மனதுக்குள் ஒதுக்கிவைத்த பாவம் அப்போதுதான் தெரியும்.

பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் 2021-இல் வந்தது. அதனால் என்ன மாறியது என்று மாநிலத் திட்டக் குழு ஆய்வு செய்தது. மிச்சமான காசு யார் கையில் தங்கியது, அதை எதற்குச் செலவழிக்கிறார்கள், முன்பு போகாத இடத்துக்கு இப்போது போகிறார்களா என்பவை அசல் சமூகவியல் கேள்விகள். அப்போது திட்டக் குழுவின் துணைத் தலைவராக இருந்தவர் ஜெ. ஜெயரஞ்சன். 2008-இல் இருவேல்பட்டுக்குப் போன குழுவில் இருந்த அதே ஜெயரஞ்சன்தான். அவரும் பொருளியல்காரர்.

தனியார் பக்கம் சந்தை ஆய்வு, மனிதவளம், ‘யூசர் ரிசர்ச்’ என்று வழிகள் உண்டு. 1980-களில் ஜெராக்ஸ் கம்பெனியின் கலிஃபோர்னிய ஆய்வகத்தில் லூசி சச்மன் என்ற மானிடவியலாளர், நகலெடுக்கும் புதிய இயந்திரத்தின் முன்னால் அனுபவமுள்ள கணினி அறிஞர்களையே நிறுத்திப் படம் பிடித்தார், அவர்களே திணறினார்கள். குறை ஆளிடமா இயந்திரத்திடமா என்ற விவாதம் அதோடு திசை மாறியது. அந்த வேலைக்கு இன்று பழைய மகாபலிபுரம் சாலையிலும் சம்பளம் இருக்கிறது. நம் ஊர்ச் சமூகவியல் துறைகள் அந்த முகவரிக்கு ஒரு கடிதமாவது போட்டிருக்கின்றனவா தெரியாது.

சமூகவியலின் வேலையை ஊரில் எல்லோரும் செய்துகொண்டிருக்கிறார்கள்: பொருளியல்காரர், தமிழ்ப் பேராசிரியர், எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவர், இன்ஜினியர். சமூகவியல் படித்தவர் மட்டும் வாசலில் நிற்கிறார். சமூகவியலைப் பற்றி மூன்று வருடம் படித்தாரே தவிர, ஒரு நாளாவது சமூகவியல் செய்திருக்கிறாரா என்று கேட்டுப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். 2021-இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-க்குத் தள்ளிப்போயிருக்கிறது. 1931-க்குப் பிறகு முதல் முறையாக அதில் எல்லாச் சாதிகளையும் எண்ணப் போகிறார்கள். எண்ணப் போவது வழக்கம்போல் பள்ளி ஆசிரியர்கள். வந்து குவியும் சாதிப் பெயர்களில் எது பட்டம், எது உட்பிரிவு, ஒரே பெயர் இரண்டு மாவட்டத்தில் இரண்டு சாதியைக் குறிக்கிறதா என்று பிரித்துப் பார்க்க ஆள் வேண்டும். அதற்கு இப்போதே மாணவர்களைத் தயார் செய்யும் துறை ஒன்றைக்கூட நான் இன்னும் சந்திக்கவில்லை.

போன ஜூனில் பக்கத்து வீட்டுப் பையன் வந்தான். “மாமா, சோசியாலஜி கெடச்சிருக்கு. வீட்ல பி.காம்.தான்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. சேரவா?” என்றான். சேருவதற்கு முன்னால் துறையில் போய் ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு வா என்றேன்: போன வருஷம் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு எந்த ஊருக்குப் போனீர்கள்?

கேட்டிருக்கிறான். ஊட்டிக்கு இரண்டு நாள் டூர் போனோம் என்றார்களாம்.